கட்டை உடைந்த துப்பாக்கி

துப்பாக்கிகளை ஒழிக்க நாட்டுக்கே திட்டம் எழுதிக் கொடுத்தவர் மாசிலாமணி. அதன்படி ஊர் ஊராக வாங்கிய துப்பாக்கிகளை மைதானத்தில் பரப்பியிருந்தார்கள். ரோடு ரோலர் ஏறி நசுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது ஒரு பெண், சுற்றிலும் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி அவரிடம் வந்தாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரைச் சுட்டது இதுல எது?"

அது யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. கட்டை உடைந்து கிடந்த ஒன்றைக் காட்டி, "இதும்மா" என்றார். அவள் குனிந்து விரல் நுனியால் அதைத் தொட்டாள். "இம்புட்டுத்தானா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு வரிசையே வந்துவிட்டது. மகளைச் சுட்டது எது, அண்ணனைச் சுட்டது எது என்று கேட்ட எல்லோருக்கும் அவர் அதே துப்பாக்கியைத்தான் காட்டினார். பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

வரிசையின் கடைசியில் அவர் மனைவி வைதேகி நின்றாள். இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று காலையில் சொன்னவள்.

"நம்ம பிள்ளையைச் சுட்டது எதுங்க?"

அவருக்குக் கை எழவில்லை. வைதேகிதான் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி, கட்டை உடைந்த துப்பாக்கியின் பக்கம் நீட்டிவைத்தாள்.

"இதுதான்னு சொல்லுங்க."