உள்ளங்கைச் சீனி

நூல் விலை விழுந்ததில் ராஜபாளையத்து மில் ஒன்றில் ராத்திரி ஷிப்டையே நிறுத்திவிட்டார்கள். உள்ளூர் ஆட்கள் வீட்டில் கிடக்க, சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களைக் குறைந்த கூலிக்கு எடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

மில்லுக்கு எதிர் டீக்கடையில் சங்கத் தலைவர் பால்ச்சாமி காவலுக்கு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், வேலை போன பொன்னுராஜ்.

"ஒரு சிலோன்காரன் கேட்டைத் தாண்டக் கூடாதுலே. தாண்டுனா நம்ம பொழப்பு போச்சு" என்றார் பால்ச்சாமி.

அந்நேரம் புதிதாக ஒருவன் வந்து பாலில்லாத டீ கேட்டான்.

"எந்த ஊரு?" என்றார் பால்ச்சாமி.

"வத்திராயிருப்பு."

சீனியைத் தனியாக வாங்கி உள்ளங்கையில் கொட்டிக்கொண்டான். அதை நாக்கால் தொட்டுத் தொட்டு டீயைக் குடித்தான். பொன்னுராஜ் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் பால்ச்சாமி பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

"பொய் சொல்லுதான். இவன் சிலோன்காரன்."

அவன் முகம் வெளிறியது. பொன்னுராஜ் வாயைப் பிளந்தான். "எப்படிக் கண்டுபிடிச்சிய, அண்ணாச்சி?"

"சீனியை நக்கிக்கிட்டே குடிச்சான், பாக்கலையா? இங்க எவன்லே அப்படிக் குடிக்கான்? தோட்டத்துல சீனிக்கு அம்புட்டுத் தட்டுப்பாடு. விடியக்காலக் குளிர்ல, கொழுந்து பறிக்கப் போகுமுன்ன, ஒரு கை சீனியை வீடே தொட்டு நக்கித்தான் குடிக்கணும்."

திமிறிக்கொண்டிருந்தவன் சட்டென்று அடங்கினான். பால்ச்சாமியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நீங்க எந்தத் தோட்டத்துல இருந்தீங்க, அண்ணே?"