சங்கவியின் டிக்கெட்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன்.

புதுச்சேரி ராக் குழு ஒன்று முதன்முறையாகச் சொந்த ஊர் அரங்கில் பாடியது. மாலா தனக்கும் தோழி சங்கவிக்கும் முன்பே டிக்கெட் எடுத்திருந்தாள். போன மாதம் சங்கவி காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுக்கென்று ஒரு நாற்காலி காலியாக இருக்கட்டும் என்று மாலா வாசலில் இரண்டையும் நீட்டினாள்.

"இதுக்கு ஆளு உள்ள போயாச்சும்மா," என்றார், சங்கவியின் டிக்கெட்டை ஸ்கேன் செய்த காவலாளி.

"அவ செத்துட்டாண்ணே."

"நல்லா விடுற கதை! அஞ்சு மணிக்கே போயிருக்கு, மெஷினைப் பாரு."

உள்ளே முந்தி வந்தவர்களுக்கே இடம். முன்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலி. அதில், சங்கவியின் உடலோடு எரிந்துபோன மஞ்சள் துப்பட்டாவைப் போட்டு யாரோ இடம் பிடித்திருந்தார்கள். மாலா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துணி சூடாக இருந்தது.

உங்கள் வீட்டிலிருந்து போகிறவர்கள் எல்லாரும் நல்லபடியாகத் திரும்பி வரட்டும்.