கமுதியில் ஒரு வள்ளம்

"ஏக்கா, என் வள்ளம் கமுதி மிளகாய்க் காட்டுல நிக்குதாமே? வலைய விட்டா வத்தலா விழும்?" என்று சிரித்தான் தம்பி அருளானந்து.

வள்ளம் எங்கே நிற்கிறது என்பதை வீட்டுத் திரையில் புள்ளியாகக் காட்ட நான் செய்த கருவியைத்தான் கேலி செய்தான்.

"இடத்தைச் சொல்ற எண்ணை எந்த முனையிலருந்து படிக்கணும்ங்கிறது கருவியோட கர்னல் நிரல்ல தலைகீழாக் கெடக்குலே. அந்த பைட் வரிசைய மாத்தி, நிரலைத் திரும்ப பில்ட் பண்றேன், இரு."

மாற்றியதும் புள்ளி தங்கச்சிமடம் கரைக்கு வந்தது.

"இப்பச் சரி. வாரேன்க்கா" என்று கடலுக்குப் போனான்.

அன்று அடித்த சூறைக்காற்றுக்குப் பிறகு வள்ளம் கிடைக்கவில்லை. அவனும்தான். கடைசிப் புள்ளி மட்டும் நடுக்கடலில், மிகச் சரியாக நிற்கிறது.

இன்று அந்தப் பழைய தவறான வரிசையையே வைத்து மறுபடி பில்ட் செய்தேன். திரையில் தம்பி கமுதிக்குப் போய்விட்டான்.

கமுதியில் கடல் இல்லை.