காலையில் சொன்ன வசனம்

பத்தொன்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களை எழுதித் தயாரித்துவந்த சபேசன், வீட்டுச் சண்டைகளையெல்லாம் வசனமாக்கிவிடுவார். அன்று காலை தோசையைத் தட்டில் வைத்தபடி மனைவி அமுதவல்லி சொன்னதையும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்: “நான் உங்களை விட்டுப் போய் நாலு வருஷமாச்சு. நீங்கதான் கவனிக்கல.”

ஒத்திகையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடிகை மட்டும் கேட்டாள்: “சார், இதை எப்படிச் சொல்லணும்? கோவமாவா?”

அவருக்கு நினைவில்லை. வீட்டுக்கு போன் செய்தார். “காலைல நீ கோவமாவா சொன்னே?”

அமுதவல்லி திருப்பிக் கேட்டாள்: “அங்க சிரிச்சாங்களா?”

“எல்லாரும்.”

“அப்ப எப்படிச் சொன்னா என்ன” என்று வைத்துவிட்டாள்.

நடிகை காத்திருந்தாள். சபேசன் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். அதில் எந்த இடத்தில் சிரிப்பு வருகிறதென்று அவருக்குப் பிடிபடவில்லை.