கோதை படித்த வீடு

நீலகிரியின் உச்சிப் புல்வெளியில் இடிந்து கிடக்கிறது அந்தப் பண்ணை வீடு. ஒரு பழைய நாவலின் கதை நடந்த இடம் என்பதால் வாசகர்கள் தேடி வருகிறார்கள். வாசலில் தரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டால், நாவலைப் படித்த ஒருவர் மனதில் கண்ட வீடு, ஆட்களோடு அப்படியே அந்தக் கற்களின் மேல் எழுந்து நிற்கும்.

நான் நாவலைப் படித்ததில்லை. சென்ற வருடம் இறந்துபோன என் மனைவி கோதை இங்கே பதிந்து வைத்திருந்த வாசிப்பைப் போடச் சொன்னேன்.

"ஏகப்பட்ட தப்பு சார்," என்றார் பொறுப்பாளர் ஹாலம்மா. "சமையல்கட்டு வடக்கே இருக்கணும். உங்க வீட்டம்மா தெற்கே வெச்சிருக்காங்க."

"வர்ணனை வந்தா பக்கத்தைத் தள்ளிடுவா."

"திருத்தச் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா வெச்சிருப்போம். இல்லன்னா வெள்ளிக்கிழமை அழிச்சிருவாங்க."

படிவத்தை வாங்கிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி உள்ளே போனேன். தொழுவத்து வைக்கோலில் வேலைக்காரன் ஒருவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு என் முகம்.

வெளியே வந்து சொன்னதும் ஹாலம்மா சிரித்துவிட்டார். "அது சோம்பேறிக் கிழவன் சார். புக்குல தூங்கினதுக்கு முதலாளிகிட்ட செம அடி வாங்குவான்."

"இங்கே அவனுக்கு யாரோ கம்பளி போர்த்தியிருக்காங்க."

"புக்குல கம்பளியே கிடையாதே! திருத்தினா அதுவும் போயிடும், உங்க முகமும் போயிடும்."

படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்று கேட்டேன்.