விலாசம் இல்லாத கவர்

இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி தபால் ஆபீசுக்குள் நின்றார் பொங்கியண்ணன். வாசலில் எஸ்.ஐ. தேவராஜ், இடுப்புத் துப்பாக்கியில் கை வைத்தபடி நின்றார்.

"கையைக் கீழ போட்டீங்க, அவ்வளவுதான்!"

"ரெண்டு மணி நேரமா தூக்கிக்கிட்டு நிக்கறனுங்க. தோளு கழண்டு உளுந்துரும் போலிருக்குது."

"விழட்டும். எதையும் தொடாதீங்க."

போஸ்ட் மாஸ்டர் பொங்கியண்ணன் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் விரல்களில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. காலையில் தபால் பெட்டியைத் திறந்தபோது விலாசமே எழுதாத ஒரு கவர் கிடந்தது. எடுத்தார். சரியாக ஒட்டாத வாய் வழியாகத் தூள் கையில் கொட்டிவிட்டது.

அமெரிக்காவில் தபாலில் வந்த ஆந்த்ராக்ஸ் தூளால் ஆட்கள் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளைத் தூளோடு கவர் வந்தால் உடனே போன் செய்ய வேண்டும், டாக்டரும் போலீசும் அடுத்த வண்டியிலேயே வந்து சேருவார்கள் என்று சர்க்குலர் வந்திருந்தது. போன வாரம்தான் அதை டீக்கடையில் சத்தமாகப் படித்துக் காட்டியிருந்தார் பொங்கியண்ணன்.

மலை ரோட்டின் எழுபது வளைவும் ஏறி ஜீப் வந்து நின்றது. முகத்தை மூடிக்கொண்டு டாக்டர் தனபால் இறங்கினார். கவரைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார். பொங்கியண்ணனின் கையைக் கழுவச் சொல்லிவிட்டு, மறுபடியும் தூக்கச் சொன்னார்.

வாசலில் கூடியிருந்த கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒருவன் முன்னால் வந்தான். அதே மலையில் குண்டனி நாடு என்கிற பகுதியில் கிழங்கும் சாமையும் போடுகிற செங்கோடன்.

"டாக்டருங்களா சாமி? எம் பொண்டாட்டி கை கறுத்துப்போயிக் கெடக்குதுங்க. காய்ச்சல்ல எந்திரிக்கவே மாட்டேங்கறா. ஒரு எட்டு வந்து பாருங்க."

"இருப்பா. தூளைத் தொட்டவங்களைத்தான் மொதல்ல பாக்கணும். அப்படித்தான் உத்தரவு."

"ரெண்டு மாடும் செத்துருச்சுங்க. மூணு மனு போட்டுட்டனுங்க."

"மாட்டுக்கு அவரு என்னய்யா பண்ணுவாரு? நாட்டுக்கே ஆபத்துன்னு நிக்கறோம். தள்ளிப் போ!" என்றார் எஸ்.ஐ.

செங்கோடன் தள்ளிப் போனான். நிற்க முடியவில்லை. ரோட்டுக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்தான். ஜீப்பைப் பார்த்தான். டாக்டர் பையைப் பார்த்தான். திடீரென்று வாசலுக்கே வந்தான்.

"நானும் தொட்டனுங்க."

"எதை?"

"அந்தக் கவரைத்தானுங்க. தொட்ட கையோட ஊட்டுக்குப் போயி அவ கையையும் புடிச்சேன்."

உள்ளேயிருந்து பொங்கியண்ணன் கத்தினார். "ஏய், புளுகாத! பொட்டியத் தொறந்தது நானு. அப்ப நீ இந்தப் பக்கமே வரலியே!"

"தொட்டனுங்க" என்றான் செங்கோடன் மறுபடியும். டாக்டரை மட்டும் பார்த்துச் சொன்னான்.

"பொய் சொல்றான் சார்" என்றார் எஸ்.ஐ.

"உண்மையா இருந்துச்சுன்னா? நாளைக்கு யார் பதில் சொல்றது? ஏறுய்யா ஜீப்புல!" என்றார் டாக்டர்.

"அப்ப நானுங்க?" என்றார் பொங்கியண்ணன்.

"அப்படியே நில்லுங்க!" என்றார் எஸ்.ஐ.

ரோடு முடிந்த இடத்தில் ஜீப் நின்றது. அதற்கு மேல் நடை. செங்கோடன் முன்னால் ஓடுவான், நிற்பான், திரும்பிப் பார்ப்பான். அவர்கள் வருவது தெரிந்ததும் மறுபடி ஓடுவான்.

வீட்டுக்குள் சின்னக்கண்ணு சுருண்டு படுத்திருந்தாள். முன்கையில் கரிக்கட்டை மாதிரி ஒரு புண். சுற்றிலும் வீக்கம். டாக்டர் கையுறையோடு அழுத்தினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லீங்க. மரத்துக் கெடக்குதுங்க."

எஸ்.ஐ. நாலடி பின்னால் போய் மூக்கைப் பொத்திக்கொண்டார். "சார், தூள் வேலையக் காட்டிருச்சு! தீவிரவாதி மலை மேலயே ஏறிட்டான் சார். உடனே மேலிடத்துக்குச் சொல்லணும்."

டாக்டர் செங்கோடன் பக்கம் திரும்பினார். "புண்ணு வந்து எத்தனை நாளாச்சு?"

"எட்டு நாளுங்க" என்றான் செங்கோடன். "செத்த மாட்ட ரெண்டு பேருமா இழுத்துப் பொதைச்சமுங்க. அதுக்கப்பறந்தான்."

"கவர் இன்னைக்குக் காலையிலதானேய்யா வந்துச்சு" என்றார் டாக்டர், எஸ்.ஐ.யைப் பார்த்து.

எஸ்.ஐ. விரல் விட்டு எட்டு நாளை எண்ணிப் பார்த்தார்.

கவருக்காகக் கொண்டு வந்த மருந்தை எடுத்து டாக்டர் ஊசி போட்டார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். "பொழச்சுக்குவாங்க. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா கஷ்டம். மாடு எப்படிய்யா செத்துச்சு?"

"நின்னவாக்குல உளுந்துச்சுங்க. மூக்குல ரத்தம். அடைப்பானுங்க. மனுவுலயும் அப்படித்தானுங்க போஸ்ட் மாஸ்டரு எழுதிக் குடுத்தாரு. ஒருத்தரும் எட்டிப் பாக்கலீங்க."

"அடைப்பானா?" டாக்டர் எழுந்தே விட்டார். "அடப்பாவி! ஆந்த்ராக்ஸ், ஆந்த்ராக்ஸ்னு ஊரே அலறுதே, அது இந்த அடைப்பான்தான்யா! இங்கிலீஷ்ல அதுக்கு அதான் பேரு."

செங்கோடன் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அடைப்பானுக்குத்தான் அந்தப் பேருன்னு முந்தியே தெரிஞ்சிருந்தா மனுவுலயே எழுதச் சொல்லியிருப்பனே சாமி... கவர்ல கிழங்கு மாவப் போட்டிருக்க மாட்டனுங்களே!"