நாளைக்கு

பெரிய மார்க்கெட்டின் மீன் கடைகளுக்கு நடுவே ஒலிபெருக்கி அலறுகிறது: "கடலோர மக்களின் காவலர் வருகிறார்!" கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் வஞ்சிரத்தின் வயிறு மின்னுகிறது. ஈரத்தரையில் வேட்டி படாமல் தூக்கிப் பிடித்தபடி எம்.எல்.ஏ. விஜயராகவன் வந்து, மீன்காரி அஞ்சலாட்சியின் முன் நின்று கும்பிடுகிறார். அரிவாள்மனையில் அவள் கை அப்படியே நிற்கிறது. "வந்துட்டாரு பாருங்கடி, நம்ம நாளைக்கு!" என்கிறாள். பக்கத்துக் கடைப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். அவள் சிரிக்கவில்லை. போன வருஷம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து மீன் பிடிக்கப் போன அவள் புருஷனின் படகு திரும்பவில்லை. தேட ஆள் அனுப்பச் சொல்லி மூன்று நாள் இவர் வீட்டு வாசலில் அழுதாள். மூன்று நாளும் "நாளைக்கு அனுப்புறேன்" என்றார். நான்காம் நாள் உடல்தான் கரை ஒதுங்கியது. அன்றிலிருந்து அவள் இவரை 'நாளைக்கு' என்றுதான் கூப்பிடுகிறாள். இப்போது மார்க்கெட்டே அப்படித்தான் கூப்பிடுகிறது. "என் பேரு விஜயராகவன்மா," என்று இளிக்கிறார் அவர். ஒலிபெருக்கி சட்டென்று அடங்குகிறது. அஞ்சலாட்சி எழுந்து நிற்கிறாள். செதில் ஒட்டிய கைகளை முந்தானையில் துடைக்கிறாள். "அது உங்க வூட்ல வச்ச பேரு. இது எங்க வூட்டு எழவுல வச்சது."